ஃபிளேம் அசேலியா: வேர் பிடித்த குச்சி ஏன் வசந்தத்தில் துளிர்ப்பதில்லை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங் பக்கம். ஜூன் மாதம் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரில் கிரகரி பால்ட் ஏறியபோது ஆரஞ்சும் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்த ஃபிளேம் அசேலியாவைப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் அதே செடி ஒன்று இருப்பது பிறகு தெரிந்திருக்கிறது. அவரிடம் குச்சி வாங்கி வைத்தீர்கள், வேர் பிடித்தது, இலையுதிர் காலத்தில் இலை உதிர்ந்தது, ஏப்ரல் வந்தும் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. என்ன தப்பு? வேறு எப்படிப் பெருக்குவது? மலையிலிருந்தே ஒரு சின்னக் கன்று எடுத்து வரலாமா? கோயம்புத்தூர் வீட்டுக்கு ஒன்று அனுப்பலாமா?

கடைசி இரண்டுக்கும் பதில் கூடாது என்பதுதான். கிரகரி பால்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே செடி பிடுங்குவது மட்டுமல்ல, விதை எடுப்பதும் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுத் தள்ளினாலும், காட்டில் முளைத்த அசேலியாவைத் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்காது. அதன் வேர் மேல்மண்ணில் அகலமாகப் பரவியிருக்கும், நீங்கள் மண்வெட்டியால் எடுப்பது அதில் ஒரு சிறு பங்கைத்தான். கோயம்புத்தூர் விஷயத்தில், இந்தியாவுக்குச் செடியோ விதையோ கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், பெட்டிக்குள் துணியோடு சுருட்டி வைக்கிற வேலை வேண்டாம். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் இது குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்தால்தான் மொட்டு விரிக்கும் செடி. சமவெளியில் அது நடக்காது. அப்பா அம்மாவுக்குக் காட்ட வேண்டுமென்றால் நீலகிரிக்குக் கூட்டிப் போங்கள். சோலையும் புல்வெளியும் சந்திக்கும் இடங்களில் நிற்கும் காட்டுப் பூவரசு இதற்குச் சொந்தக்காரன்தான், இரண்டும் ரோடோடெண்ட்ரான் பேரினம். அது மரமாக வளரும், இலை உதிர்க்காது, சிவப்பாகப் பூக்கும்.

அந்தச் சொந்தம் ரொம்ப நாள் ஒப்புக்கொள்ளப்படாமல் இருந்தது. லின்னேயஸ் ஐந்து மகரந்தத் தாள் உள்ளதை அசேலியா என்றும் பத்து உள்ளதை ரோடோடெண்ட்ரான் என்றும் பிரித்து வைத்தார். பிறகு வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். ஃபிளேம் அசேலியாவின் இன்றைய அறிவியல் பெயர் ரோடோடெண்ட்ரான் காலெண்டுலேசியம். அடுத்த முறை பூவைப் பார்க்கும்போது எண்ணிப் பாருங்கள், இதழ்க்குழாயைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் தாள்கள் ஐந்துதான் இருக்கும். கடையில் விற்கிற, வீட்டு முகப்பில் வரிசையாக வைக்கிற குட்டை அசேலியாக்கள் ஆசியாவிலிருந்து வந்த, இலை உதிராத வகைகள். அவற்றின் குச்சி சுலபமாக வேர் விடும், குளிர்காலத்தையும் தாண்டிவிடும். அவற்றை வைத்துச் சொல்லப்பட்ட யோசனைகளை இந்த மலைச்செடிக்குப் பொருத்துவதால்தான் பாதிப் பேருக்குத் தோல்வி.

இனி உங்கள் குச்சிகளுக்கு வருகிறேன். இலையுதிர் அசேலியாவில் வேர் பிடிக்க வைப்பது பெரிய வித்தை இல்லை. வேர் பிடித்த குச்சியை முதல் குளிர்காலம் தாண்ட வைப்பதுதான் வித்தை. செம்பருத்திக் குச்சி வேர் விட்டதும் மேலே துளிர்த்துக்கொண்டே போகும். இது அப்படியில்லை. ஜூனில் வைத்த குச்சி ஆகஸ்டில் வேர் விடுகிறது. அதற்குள் பகல் குறுக ஆரம்பித்துவிடுகிறது. செடி புதுத் துளிர் எதுவும் விடாமல் நேரே தூக்கத்துக்குப் போகிறது. இலை உதிரும்வரை சேர்த்து வைத்த மாவுச்சத்துதான் அதற்குக் கையிருப்பு. கையகலச் செடியிடம் அது மிகக் குறைவு. பிப்ரவரி, மார்ச்சில் கிளறிப் பார்த்தால் வேர் வெள்ளையாக உயிரோடு இருக்கும், தண்டைக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். ஆனாலும் மொட்டு உடைக்க வலுவில்லாமல் அப்படியே காய்ந்துபோகும். உங்களுக்கு நடந்தது இதுதான். நீங்கள் தண்ணீர் அதிகம் விட்டதாலோ குறைவாக விட்டதாலோ அல்ல.

ஆக, குச்சி வழி வேண்டுமென்றால் இரண்டு விஷயம் முக்கியம்: சீக்கிரம் வெட்ட வேண்டும், வேர் பிடித்த பிறகு அதே கோடையில் ஒருமுறையாவது துளிர்க்க வைக்க வேண்டும். உங்கள் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை, புதுத் துளிர் இலை ஏறக்குறைய முழு அளவுக்கு வந்து, தண்டு இன்னும் வளைகிற பருவத்தில் இருக்கும்போது வெட்டுங்கள். வளைத்தால் பட்டென ஒடிகிற நிலைக்கு முற்றிவிட்டால் அந்த வருடம் தாமதம்தான். அதிகாலையில், முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்ட செடியிலிருந்து மூன்று நான்கு அங்குலத் துண்டுகள். ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் வெயிலில் வாடினாலும் அந்தக் குச்சி மீள்வது கஷ்டம். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, நுனியைக் கிள்ளி, அடித்தண்டில் ஒரு பக்கம் தோலை மெலிதாகச் சீவி, ஐபிஏ வேர் ஊக்கித் தூள் தொட்டு, பீட்டும் (மக்கிய சதுப்புநிலப் பாசி) பெர்லைட்டும் (லேசான வெள்ளை எரிமலைக்கல் குருணை) சரிபாதி கலந்த தட்டில் ஊன்றுங்கள். கடையில் கிடைக்கும் தூள்களில் ரோஜாவுக்கு விற்கிற மென்மையானது இதற்குப் போதாது, 0.8 சதவீதம் உள்ளதைத் தேடி வாங்குங்கள். தட்டின் மேல் கம்பி வளைத்துப் பிளாஸ்டிக் போர்த்தி, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். ஆறு வாரத்திலிருந்து பத்து வாரம்வரை ஆகும்.

லேசாக இழுத்தால் குச்சி பிடிவாதம் பண்ணுகிறதா, வேர் வந்துவிட்டது. இப்போது தொட்டி மாற்றக் கை துறுதுறுக்கும். மாற்றாதீர்கள். அதே தட்டில் விட்டு, சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் ஒரு எல்இடி விளக்கைப் போட்டு, பகலும் விளக்கும் சேர்ந்து தினம் 16 முதல் 18 மணிநேர வெளிச்சம் கிடைக்கும்படி செய்யுங்கள். செடியை இன்னும் கோடைதான் என்று நம்ப வைக்கிற ஏற்பாடு இது. பக்கத்து மொட்டு உப்பித் துளிர் வந்ததும் நாலில் ஒரு பங்கு வீரியத்தில் திரவ உரம். அந்தத் துளிர் முற்றிய பிறகு விளக்கை நிறுத்தி, இயற்கையாகக் குளிர விட்டு, இலை உதிர்ந்ததும் தட்டோடு தூக்கி உறைந்து போகாத கராஜில் 35 முதல் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள். மண் காயக் கூடாது, சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. தொட்டி மாற்றுவது அடுத்த வசந்தத்தில் மொட்டு விரிந்த பிறகுதான். துளிர்க்காமலேயே செப்டம்பருக்குள் போய்விட்ட குச்சிகளில் பெரும்பாலானவை அடுத்த வருடம் எழுந்திருக்காது, அவற்றுக்காக ஏப்ரல் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தாலும் காலெண்டுலேசியம் இந்தக் கூட்டத்திலேயே குச்சிக்கு மசியாதவற்றில் ஒன்று. தண்ணீரைப் பனிபோலத் தூவும் வசதியுள்ள நாற்றங்கால்காரர்களே இதைப் பெரும்பாலும் விதையில்தான் வளர்க்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன்.

பக்கத்து வீட்டுச் செடியின் நிறமே வேண்டும், ஒரே ஒரு கன்று போதும் என்றால் விதைக்கும் போக வேண்டாம், பதியன் போடுங்கள். அவர் சம்மதித்தால் போதும். தரையோடு தாழ்ந்த, பென்சில் கனமுள்ள ஒரு கிளையை வசந்தத்தின் தொடக்கத்தில் வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் அடிப்பக்கம் தோலைக் கீறி, ஊக்கித் தூள் தடவி, கம்பியால் ஊன்றி, பீட்டும் பட்டைத்தூளும் கலந்து மூன்று நான்கு அங்குலம் மூடி, மேலே ஒரு தட்டைக் கல்லை வையுங்கள். கல் ஈரத்தையும் பிடிக்கும், கிளை எழும்பாமலும் பார்த்துக்கொள்ளும். நுனியை ஒரு குச்சியோடு நிமிர்த்திக் கட்டிவிடுங்கள். இரண்டு கோடை பொறுத்தால் வேர் திரண்டிருக்கும். தாயிடமிருந்து வெட்டிய உடனே பெயர்க்காமல், தனியாக நின்று பழக விட்டு, இலை உதிர்ந்த பிறகு எடுத்துப் போகலாம். கிளையை வளைக்காமல், நிற்கிற இடத்திலேயே ஈரப்பாசியைச் சுற்றிக் கட்டுகிற விண்பதியனும் சிலர் போடுகிறார்கள். கோடையில் அந்தப் பாசிப் பொட்டலம் காயாமல் பார்ப்பது அடுத்த வீட்டுச் செடியில் நடைமுறைக்கு ஒத்துவராது.

சரி, விதை. இதில்தான் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை: விதைக்கன்று தாயைப் போலவே பூக்கும் என்று உறுதி கிடையாது. மலையில் ஒரே சரிவில் எலுமிச்சை மஞ்சளிலிருந்து செங்கல் சிவப்புவரை பார்த்திருப்பீர்கள். ஹென்றி ஸ்கின்னர் என்கிற தாவரவியலாளர் 1951-ல் இந்த நாட்டு அசேலியாக்களைத் தேடித் தென்கிழக்கு அமெரிக்கா முழுக்கக் காரில் அலைந்தார். ஒரு இனம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவதே சிரமமாக இருக்கும் அளவுக்கு இவை ஒன்றோடொன்று கலப்பவை. கிரகரி பால்டில் நீங்கள் பார்த்த கூட்டத்திலும் பல இனங்கள் கலந்த கலப்புச் செடிகள்தான் பெயர்பெற்றவை. அங்கே வெள்ளையும் இளஞ்சிவப்பும் இருப்பது அதனால்தான். விதையில் வளர்க்கிறவருக்கு இது குறையாகத் தெரியாது. நாற்பது கன்று வளர்த்து, முதல் பூ வந்ததும் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம்.

பக்கத்து வீட்டில் ஒரே செடி என்றால் காய் அதிகம் பிடித்திருக்காது. இந்தப் பூவில் சூல்முடி தாள்களைவிட நீண்டு, அவற்றிலிருந்து நன்றாக விலகி நிற்கிறது. சின்னத் தேனீ தேன் குடித்துவிட்டு எதையும் தொடாமல் போய்விடும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், டைகர் ஸ்வாலோடெயில் போன்ற பெரிய வண்ணத்துப்பூச்சிகள் இறக்கையில் மகரந்தத்தைச் சுமந்து செல்வதுதான் இதற்கு முக்கிய வழி என்று காட்டினார்கள். வண்ணத்துப்பூச்சி பூவில் அமர்ந்து இறக்கையை அடிக்கும்போது அகலமாகப் பரவி நிற்கும் தாளும் சூல்முடியும் அதில் உரசுகின்றன. காலிலோ நாக்கிலோ ஒட்டிப் போவதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம், இறக்கை வழியாக நடப்பது அபூர்வம். உங்கள் தெருவில் அந்த வண்ணத்துப்பூச்சி வருகிறதா, இரண்டாவது செடி அருகில் இருக்கிறதா என்பதெல்லாம் நம் கையில் இல்லை. அதனால் கையாலேயே சேர்த்துவிடுவது நல்லது.

செய்வது எளிது. நாளை விரியும் என்று தோன்றுகிற, நிறம் வந்து உப்பிய மொட்டைத் தேர்ந்தெடுங்கள். இதழ்க்குழாயை மெல்லப் பிளந்து உருவி எடுத்து, ஐந்து தாள்களையும் கிள்ளிவிடுங்கள். குழாயின் வெளிப்பக்கம் விரலில் பிசுக்கென்று ஒட்டும், அங்கே சுரப்பி முடிகள் உண்டு. இப்போது காம்பு நுனியில் சூலகமும் வளைந்த சூல்தண்டும் மட்டும் நிற்கும். இதழ் இல்லாத பூவைப் பூச்சி திரும்பிப் பார்க்காது, ஆகவே உறை போட வேண்டிய அவசியமில்லை. ஓரிரு நாளில் சூல்முடி ஈரப்பளபளப்போடு இருக்கும், தொட்டால் ஒட்டும். அப்போது வேறொரு செடியின் பூவிலிருந்து ஒரு தாளைப் பறித்துக்கொண்டு வாருங்கள். அசேலியாவின் மகரந்தப்பை பக்கவாட்டில் வெடிப்பதில்லை, நுனியில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். அந்த நுனியை நகத்தில் லேசாகத் தட்டினால் மகரந்தம் பொடியாக உதிராமல், நூலிழையில் கோத்ததுபோல நீளமாக இழுபட்டு வரும். அந்த இழையைச் சூல்முடியில் தடவினால் வேலை முடிந்தது. எந்தச் செடியோடு எதைச் சேர்த்தீர்கள் என்று எழுதி நூலில் கட்டிவிடுங்கள். நவம்பரில் நினைவிருக்காது.

இரண்டாவது செடிக்கு எங்கே போவது என்றால், இன்னொரு ஃபிளேம் அசேலியாதான் உத்தமம். காலெண்டுலேசியத்துக்கு நிறப்புரி (குரோமோசோம்) நான்கு தொகுதி, இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு இரண்டுதான். எண்ணிக்கை ஒத்துப்போகாத செடியோடு சேர்த்தால் காய் பிடித்தாலும் முளைக்கும் விதை குறைவாகவே இருக்கும். ஃபுளோரிடா ஃபிளேம் எனப்படும் ஆஸ்ட்ரைனத்துக்கும் நான்கு தொகுதி என்பதால் அது ஒத்துப்போகும், கூடவே அதன் வாசனையும் வெயில் தாங்கும் குணமும் பிள்ளைகளுக்கு வர வாய்ப்புண்டு. நம் மலைச்செடிக்கு வாசனை கிட்டத்தட்டக் கிடையாது. ஐரோப்பாவில் இதை வைத்து விளையாடியவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் மோர்ட்டியே என்ற ரொட்டி சுடுபவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அசேலியாக்களோடு ஐரோப்பிய மஞ்சள் அசேலியாவையும் கலந்து பார்த்தார். கெண்ட் அசேலியா என்று இன்றும் விற்கிற வரிசை அங்கிருந்து வந்தது.

காய் அரை அங்குலத்துக்குச் சற்று மேலே நீளமாக, ஐந்து அறையோடு இருக்கும். அக்டோபரில் பச்சை மாறிப் பழுப்பு ஏறும்போது, நுனி பிளப்பதற்கு முன் பறித்து, காகித உறையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். ஓரிரு வாரத்தில் தானாகப் பிளக்கும். தேயிலை வடிகட்டியில் தட்டிச் சலித்தால் பொடிப்பொடியாக, ஓரத்தில் சிறகு வைத்த பழுப்பு விதை விழும். மூச்சு விட்டாலே பறந்துவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். விதைக்கும்வரை உறையோடு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். குளிர்பதனம் முளைப்புக்கு அவசியமில்லை, ஆயுளுக்காகத்தான்.

டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வீட்டுக்குள் விதையுங்கள். இந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் குச்சியில் பார்த்த அதே காரணம்தான்: முதல் குளிர்காலத்துக்கு முன் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு பிழைக்கும். ஜனவரியில் விதைத்தால் பத்து மாத வளர்ச்சி கிடைக்கும், ஏப்ரலில் வெளியே விதைத்தால் ஆறேழு மாதம்தான். மூடியுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா போதும், சாப்பாடு வாங்கி வருகிற டப்பாவே சரியாக இருக்கும், அடியில் துளை போட்டுவிடுங்கள். கீழே பீட்டும் பொடித்த பைன் பட்டையும், மேலே அரை அங்குலத்துக்குச் சலித்த ஸ்பாக்னம் பாசித்தூள். இந்தப் பாசி நாற்றழுகல் பூஞ்சையை ஓரளவு அண்டவிடாது. பாசியைக் கையாளும்போது கையுறை போடுங்கள், கீறல் வழியாகத் தோலில் தொற்று உண்டாக்கும் ஒரு பூஞ்சை அதில் இருக்கக்கூடும். கொதித்த தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, ஆறியதும் விதையை மேலே தூவுங்கள். மண் போட்டு மூடக் கூடாது. இதற்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.

மூடியைப் போட்டு, எல்இடி குழல்விளக்குக்கு ஆறேழு அங்குலம் கீழே, தினம் 16 மணிநேரம் வெளிச்சத்தில், 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிய அறையில் வைத்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். புள்ளிகள்தான், உருப்பெருக்கி இருந்தால் நல்லது. அப்புறம் ஒன்றரை மாதத்துக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நடுவில் பொறுமையிழந்து உரம் ஊற்றுவார்கள், நாற்று கருகும். நிஜ இலை இரண்டு மூன்று வந்ததும் மூடியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கி, நாலில் ஒரு பங்கு வீரிய உரத்தை மாதம் இருமுறை கொடுங்கள். பிடுங்கி நடும்போது தண்டைத் தொடாமல், ஒரு பல்குத்தும் குச்சியால் வேரோடு பாசியையும் சேர்த்துக் கிளப்பி, இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்ணீர் மழைநீராகவோ காய்ச்சி வடித்த நீராகவோ இருக்கட்டும்.

ஏப்ரல் நடுவில் உறைபனி பயம் போனதும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வெளியே கொண்டுபோகலாம். இலையுதிர் காலத்தில் தொட்டிகளை நெருக்கமாக அடுக்கி, சுற்றியும் இடையிலும் பைன் சருகு திணித்துத் தரையோடு வையுங்கள். இரண்டாம் வருடம் ஒரு கேலன் தொட்டி. முதல் பூ நான்காவது அல்லது ஐந்தாவது வசந்தத்தில் எதிர்பார்க்கலாம், அவசரக்காரச் செடி ஒன்றிரண்டு மூன்றாவதிலேயே பூக்கும்.

இனி நடுகிற இடம். வடக்கு ஜார்ஜியாவின் செம்மண் அமிலத்தன்மையில் இதற்கு ஒத்தே வரும், பிஹெச் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செடிக்கு மகிழ்ச்சி. பிரச்சினை அதன் களித்தன்மை. களிமண்ணில் ஆழமாகக் குழி வெட்டி, அதில் மட்டும் நல்ல மண் நிரப்பி நட்டால், மழைநீர் வடிய வழியில்லாமல் அது துளையில்லாத பானைக்குள் வைத்த செடியாகிவிடும். மலையில் இது நிற்பது சரிவில், மக்கிய இலைக்கும் கல்லுக்கும் நடுவில். தண்ணீர் தேங்க அங்கே இடமே இல்லை. ஆகவே குழியை வேர்க்கட்டியின் பாதி உயரத்துக்கு மட்டும் எடுத்து, மூன்று நான்கு மடங்கு அகலமாக்கி, வெட்டிய மண்ணில் பாதிக்குப் பாதி பொடிந்த பைன் பட்டை கலந்து, வேர்க்கட்டியின் மேல்விளிம்பு தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும்படி மேடாக நடுங்கள். சந்தேகமிருந்தால் நடுவதற்கு முன் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கடையில் வாங்கிய செடியென்றால் தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர்க்கட்டியின் ஓரத்தை விரலால் கலைத்து விடுங்கள். தலைமுடி போன்ற மெல்லிய வேர்கள் தொட்டிக் கலவைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளிமண்ணுக்குப் போக மறுக்கும். இரண்டு வருடம் கழித்து இழுத்தால் தொட்டி வடிவத்திலேயே கையோடு வருகிற செடிகள் உண்டு. மேலே இரண்டு மூன்று அங்குலம் பைன் சருகோ ஓக் இலையோ மூடாக்கு, தண்டைத் தொடாமல். அதற்குப் பிறகு அந்த இடத்தில் களைக்கொத்து போடக் கூடாது, களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். வேர் அவ்வளவு மேலாக ஓடுகிறது. முதல் இரண்டு கோடையில் மழை இல்லாத வாரங்களில் வாரம் இருமுறை நிதானமாகத் தண்ணீர்.

வீட்டின் கான்கிரீட் அடித்தளத்தை ஒட்டி நட வேண்டாம், அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, நரம்பு மட்டும் பச்சையாக இலை மஞ்சளாகும். பிஹெச் இறக்கத் தேவைப்பட்டால் கந்தகத் தூள் போதும், ஹைட்ரேஞ்சியாவுக்குப் போடுகிற அலுமினியம் சல்பேட்டை இதற்குப் போடாதீர்கள். போடுவதற்கு முன்னால் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கவுன்ட்டி விரிவாக்க அலுவலகத்தில் மண்ணைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், செலவு அதிகமில்லை.

வெயில் விஷயத்தில் உங்கள் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கிரகரி பால்ட் ஏறக்குறைய 4,950 அடி உயரம், ஜூலை இரவிலும் குளிர்ந்துவிடும். கம்மிங்கில் ராத்திரியும் புழுக்கம். காலெண்டுலேசியம் உங்கள் பக்கத்தில் வாழும், ஆனால் அதன் தாங்கும் எல்லையின் விளிம்பில்தான் வாழும். காலை வெயிலும் மதியத்துக்கு மேல் உயரமான மரங்களின் சிதறிய நிழலும் உள்ள கிழக்குச் சரிவு கிடைத்தால் நடுங்கள். முழு நிழலில் உயிரோடிருக்கும், பூக்காது. மேற்கு வெயில் நேரே அடிக்கிற மூலை மட்டும்தான் இருக்கிறதென்றால், அதே நிறத்தில் வெப்பம் தாங்கும் ஓக்கோனி அசேலியா இருக்கிறது, ஜார்ஜியாவும் தென் கரோலினாவும்தான் அதன் சொந்த மண். ஜூலை, ஆகஸ்டில் பூக்கிற பிளம்லீஃப் அசேலியா இன்னொன்று. ஜார்ஜியா, அலபாமா எல்லையோரத்தில் மட்டும் வளர்வது. பைன் மவுண்டனில் உள்ள காலவே தோட்டத்தில் அதை ஏராளமாகப் பார்க்கலாம். நான் கம்மிங்கில் இருந்தால் ஓக்கோனி மூன்றும் ஃபிளேம் ஒன்றும் என்ற கணக்கில்தான் நடுவேன். நாற்றங்காலில் இவற்றைக் கேட்கும்போது உள்ளூர்ப் பெரியவர்கள் ஹனிசக்கிள் (பூவைக் கிள்ளித் தேன் உறிஞ்சுகிற வேறொரு கொடியின் பெயர்) என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம். வாங்கினால் பூத்திருக்கும்போது வாங்குங்கள், நாற்றங்காலில் வளர்த்ததா, காட்டில் தோண்டியதா என்றும் கேளுங்கள்.

கவாத்து தேவையே படாது. உயரம் ஆறிலிருந்து பத்து அடிவரை போகும், அது போகிற போக்கில் விடுவதுதான் அழகு. வெட்டியே ஆக வேண்டுமென்றால் பூ உதிர்ந்த சில வாரத்துக்குள். கோடையிலேயே அடுத்த வருட மொட்டு கட்டிவிடும், குளிர்காலத்தில் சீர்திருத்துகிறேன் என்று நுனியை வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். உரம் வசந்தத்தில் கொஞ்சம், ஜூலைக்குப் பிறகு வேண்டாம்.

நோயில் பயப்பட வேண்டியது பைட்டோப்தோரா வேரழுகல் ஒன்றுக்குத்தான். மண் ஈரமாக இருந்தும் இலை வாடுகிறதா? அடித்தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பழுப்பாக இருந்தால் அந்தச் செடி போனதுதான். தண்ணீர் தேங்கியதன் பலன் அது. மருந்து தேடுவதைவிட அடுத்ததை மேடான இடத்தில் நடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் இலையில் வெள்ளைப் பொடி படியும், சாம்பல் நோய். எப்படியும் இலை உதிரப் போகிறது, விட்டுவிடலாம். அதே சமயம் கறுப்பு உடலில் மஞ்சள் கோடும் சிவப்புத் தலையுமாகக் கூட்டமாகப் புழுக்கள் வரும். தொட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் தலையையும் வாலையும் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் ஒரு கிளையை ஒரே நாளில் மொட்டையடித்துவிடும். அந்தக் கிளையைச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் உதறினால் போதும். மான் நடமாட்டம் உள்ள தெரு என்றால் இளம் கன்றுகளுக்கு முதல் மூன்று வருடம் கம்பிவலை கட்டாயம்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் செடியின் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரேயனோடாக்சின் என்கிற நச்சு இருக்கிறது. ஹனிசக்கிள் என்ற பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் பூக்குழாயைக் கிள்ளி உறிஞ்சப் பார்ப்பார்கள், அது கூடாது. நாய் இருந்தால் கவாத்து செய்த கிளையைக் கடிக்க விடாதீர்கள்.

இந்த வருடத்துக்கு உங்கள் கையில் இருப்பது ஒரு செடி, அதுவும் பக்கத்து வீட்டில். மார்ச்சில் அதில் ஒரு பதியன் போடுங்கள். பூக்கும் சமயத்தில் வேறு யாரிடமாவது ஃபிளேம் அசேலியா பூத்திருக்கிறதா என்று விசாரித்து இரண்டு மூன்று மகரந்தத் தாள்கள் வாங்கி வந்து பத்து மொட்டில் சேர்த்து வையுங்கள். இரண்டு செடியும் ஒரே சமயத்தில் பூக்கவில்லையா, முதலில் பூத்ததன் மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு சின்னப் பாட்டிலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் தாங்கும். மலையில் உயரத்தைப் பொறுத்துப் பூக்கும் நாள் தள்ளித் தள்ளிப் போகும் என்பதால், உங்கள் ஊரில் பூத்து முடிந்த பிறகு வடக்கே மலைப்பகுதியில் உள்ள பிளெய்ர்ஸ்வில் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களிடம் பூ இருக்கும். ஆகவே தாழ்ந்த ஊரில் எடுத்த மகரந்தத்தை வைத்திருந்து உயர்ந்த ஊர்ச் செடியில் சேர்ப்பதுதான் சுலபம்.